ஐசாவை வங்கி மாற்றும்போது பணத்தைக் கையில் எடுக்காதீர்கள்

கடந்த ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஒரு மாலை, எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா ஒருவர் கைபேசியோடு வீட்டுக்கு வந்தார். மருத்துவமனையொன்றில் பொறுப்பான நிலையிலுள்ள தாதி அவர். இருபது ஆண்டுகளாக இலண்டனில் உழைத்து, செலவைச் சுருக்கி, ஒரு வங்கியின் காஷ் ஐசாவில் (ISA, வட்டிக்கு வரியில்லாத காசுச் சேமிப்புக் கணக்கு) 38,000 பவுண் சேர்த்திருந்தார். அங்கே வட்டி குறைந்துவிட்டதால் இன்னொரு வங்கிக்கு மாற விரும்பி, பழைய கணக்கை மூடி, பணம் முழுவதையும் தமது நடைமுறைக் கணக்குக்கு எடுத்திருந்தார். பின்னர் புதிய வங்கியின் செயலியில் ஓர் ஐசாவைத் திறந்து, பணத்தைப் போட முயன்றபோது, அது 20,000 பவுணுக்கு மேல் ஏற்க மறுத்துவிட்டது. "தம்பி, இது என்ர காசுதானே, ஏன் எடுக்குதில்லை?" என்று திரையைக் காட்டிக் கேட்டார்.

காசு அவருடையதுதான். ஆனால் அந்தக் காசு வரியில்லாமல் இருப்பதற்காகப் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த இடத்தை, அறியாமலே அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். அன்று அதை அவருக்குச் சொல்லிப் புரியவைப்பது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. இந்தப் பதிவை எழுதுவதற்கு அதுவே காரணம்.

நம்மவர்களில் பலர் ஐசாவை நிலையான வைப்பைப் போன்ற ஒரு சேமிப்புத் திட்டமாகவே நினைக்கிறார்கள். அதைக் காணியைச் சுற்றி அடைத்த வேலியாக நினைத்துப் பார்த்தால் தெளிவாக விளங்கும். வேலிக்குள் காசை வைக்கலாம், பங்குகளை வைக்கலாம், முதலீட்டு நிதிகளை வைக்கலாம். உள்ளே விளையும் வட்டிக்கும், நிறுவனங்கள் பங்குதாரருக்குக் கொடுக்கும் பங்கு இலாபத்துக்கும், விலையேற்றத்தால் வரும் ஆதாயத்துக்கும் பிரித்தானியாவில் வரி இல்லை. வருமான வரிப் படிவத்தில் அவற்றைக் காட்டவும் தேவையில்லை. ஒருவர் ஒரு வரி ஆண்டில், அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, 20,000 பவுணை மட்டுமே புதிதாக உள்ளே கொண்டுபோகலாம். அந்த ஆண்டில் பயன்படுத்தாத அளவு அடுத்த ஆண்டுக்குச் சேராது. ஒருமுறை வெளியே எடுத்த பணம் மறுபடி உள்ளே போக வேண்டுமானால், பொதுவாக அது புதுப் பணமாகவே கணக்கில் எடுக்கப்படும்.

அக்கா செய்திருக்க வேண்டியது மிக எளிது. பழைய வங்கியிடம் போகாமல், புதிய வங்கியிடம் போய் ஐசா மாற்றுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருந்தால், மிச்சத்தை இரண்டு வங்கிகளும் தமக்குள் பேசி முடித்திருக்கும். பணம் அவருடைய நடைமுறைக் கணக்கைத் தொட்டிருக்காது. 38,000 பவுணும் வேலிக்குள் இருந்தபடியே இடம் மாறியிருக்கும். அந்த ஆண்டின் 20,000 பவுண் அனுமதியும் முழுதாக மிஞ்சியிருக்கும். ஒரு காஷ் ஐசாவிலிருந்து இன்னொரு காஷ் ஐசாவுக்கு இப்படி மாற்ற அதிகபட்சம் 15 வேலைநாட்கள்தான். எடுத்த பணத்தை அதே வரி ஆண்டுக்குள் திருப்பிப் போட அனுமதிக்கும் 'ஃப்ளெக்சிபிள்' ஐசா என்ற வசதி 2016 முதல் இருக்கிறது. ஆனால் எல்லா வங்கிகளும் அதைக் கொடுப்பதில்லை. அவருடைய கணக்கில் அது இருக்கவில்லை.

ஏப்ரல் 6 பிறந்ததும், மீதி 18,000 பவுணைப் புதிய ஆண்டின் அனுமதியிலிருந்து உள்ளே போட்டார். மே மாதம் அவருக்கு 12,000 பவுண் சீட்டுக் காசு கிடைத்தது. அதில் 2,000 பவுணுக்குத்தான் இடமிருந்தது. 10,000 பவுண் வெளியே நின்றது. அவசரத்துக்கென்று சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ஏற்கெனவே 8,000 பவுண் வைத்திருந்தார். இரண்டுக்கும் சேர்த்து 4 சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 720 பவுண். மிகை நேர வேலையோடு அவருடைய சம்பளம் 50,270 பவுணைத் தாண்டுவதால், வட்டியில் 500 பவுணுக்கு மட்டுமே அவருக்கு வரிவிலக்கு. மீதி 220 பவுணுக்கு 40 சதவீதப்படி 88 பவுண் வரி. "எண்பத்தெட்டுப் பவுண்தானே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சேமிப்பும் வட்டியும் கூடக்கூட, அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த வரியும் கூடும். அறியாமல் செலவழித்த அனுமதி திரும்பக் கிடைக்காது.

"எனக்கு ஐசா எதற்கு, வட்டிக்கு ஆயிரம் பவுண்வரை வரி இல்லையே" என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். 2016 ஏப்ரலில் அந்தச் சலுகை வந்தபோது வட்டி ஒரு சதவீதத்தை ஒட்டியிருந்ததால், அது பலருக்குப் பொருந்திய வாதம். அந்த ஆயிரம் 20 சதவீத வரி கட்டுபவர்களுக்குத்தான்; இன்றைய 4 சதவீத வட்டியில் 25,000 பவுண் வைத்திருந்தாலே அது முடிந்துவிடும். 40 சதவீத வரி கட்டுபவர்களுக்கு 12,500 பவுணிலேயே சலுகை தீர்ந்துவிடும். 40 சதவீத வரி தொடங்கும் அந்த 50,270 என்ற எல்லை 2021 முதல் அசையவில்லை. சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக உயர உயர, தம்மை நடுத்தர வருமானக்காரர் என்று நினைத்திருக்கும் தாதியரும் ஆசிரியர்களும் ஒவ்வோர் ஆண்டும் மேல் வரிக்குள் தள்ளப்படுகிறார்கள். இது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தின்படி, 2027 ஏப்ரல் முதல் சேமிப்பு வட்டிக்கான வரியே 22, 42, 47 சதவீதம் என்று இரண்டிரண்டு புள்ளிகள் ஏறப்போகிறது.

பங்குகளில் முதலிடுபவர்களுக்கு வேலிக்கு வெளியே உள்ள நிலம் இதைவிட வேகமாகச் சுருங்கியிருக்கிறது. பங்கு இலாபத்துக்கு 2016இல் 5,000 பவுண்வரை வரி இருக்கவில்லை. இப்போது அது 500. பங்குகளை விற்கும்போது வரும் மூலதன ஆதாயத்துக்கான விலக்கு 12,300இலிருந்து 3,000 ஆகிவிட்டது. கோர்டன் பிரவுண் நிதியமைச்சராக இருந்தபோது 1999 ஏப்ரலில் ஐசா 7,000 பவுண் எல்லையோடு தொடங்கியது. 2017இல் 20,000 ஆன அந்த எல்லை அதன்பின் உயரவில்லை என்றாலும், வேலிக்குள் ஏற்கெனவே போன பணத்தை இந்தக் குறைப்புகள் எதுவும் தொடவில்லை.

இனி நான் மிக வலுவாகச் சொல்ல விரும்புவது குடும்பங்களைப் பற்றியது. ஐசாவைக் கூட்டுக் கணக்காகத் திறக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் 20,000 பவுண். நம் வீடுகளில் காசு பெரும்பாலும் கணவன் பெயரிலேயே இருக்கிறது. மனைவியின் அனுமதி ஆண்டுதோறும் ஏப்ரல் 5ஆம் திகதி இரவோடு தொடப்படாமலே முடிந்துபோகிறது. பிரித்தானியாவில் ஒன்றாக வாழும் கணவன் மனைவிக்கிடையே பணத்தை அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு வரி எதுவும் இல்லாதபோது, இதைச் செய்யாமல் விடுவதற்கு நியாயமான காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வரியை விடுங்கள், இருபது ஆண்டுகள் இந்த நாட்டில் குடும்பத்தை நடத்திய ஒரு பெண்ணின் பெயரில் ஒரு சேமிப்புக்கூட இல்லாமல் இருப்பதே சரியல்ல.

பிள்ளைகளுக்கு வீடு வாங்கவென்று லைஃப்டைம் ஐசா திறக்கச் சொல்லும் பெற்றோர் அதன் நிபந்தனைகளை முதலில் வாசியுங்கள். 18 முதல் 39 வயதுக்குள் திறக்க வேண்டும். ஆண்டுக்கு 4,000 பவுண் போட்டால் அரசாங்கம் 1,000 பவுண் சேர்க்கும். முதல் வீடு வாங்கவோ 60 வயதுக்குப் பிறகோ எடுக்கலாம். வேறு காரணத்துக்கு எடுத்தால், தீராத நோயுற்றோர் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, மொத்தத்தில் 25 சதவீதம் பிடிக்கப்படும். அரசாங்கம் கொடுத்ததைத் திரும்ப எடுப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். 5,000இல் 1,250 போனால் மிஞ்சுவது 3,750, அதாவது சொந்தப் பணத்திலேயே 250 பவுண் நட்டம். வீட்டின் விலை 450,000 பவுணுக்கு மேற்படக் கூடாது என்ற எல்லையும் 2017 முதல் மாறவில்லை. இலண்டனில் மூன்று அறை வீடு தேடும் இளம் தம்பதியருக்கு அது எவ்வளவு இறுக்கமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஊருக்குப் போய்விட நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் வரி வதிவாளராக இல்லாமல் போனபின் ஐசாவை வைத்திருக்கலாம். அதில் புதிதாகப் பணம் போட முடியாது. பிரித்தானியாவில் வரி இல்லை என்பதற்காக, நீங்கள் போய்க் குடியிருக்கும் நாடும் அதை வரியில்லா வருமானமாக ஏற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் வழமையான வதிவாளராகிவிட்டவருக்கு வெளிநாட்டு வருமானத்துக்கும் அங்கே வரி உண்டு.

2027 ஏப்ரலிலிருந்து, 65 வயதுக்குட்பட்டவர்கள் காஷ் ஐசாவில் ஆண்டுக்கு 12,000 பவுணை மட்டுமே போடலாம். மீதி 8,000 பவுண் முதலீட்டு ஐசாவுக்குத்தான் போகலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாத பணத்தைப் பங்கு நிதிகளில் வைப்பது நல்லது என்றே நானும் நம்புகிறேன். ஆனால் மூன்று ஆண்டுகளில் வீட்டுக்கு முற்பணம் கட்ட வேண்டிய ஒருவரை, வயதைக் காட்டிப் பங்குச் சந்தைப் பக்கம் நெருக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்காவுக்கு இப்போது 52 வயது. அவருடைய கணவருக்கு இதுவரை ஐசாவே இருந்ததில்லை. வெளியே நின்ற அந்த 10,000 பவுணைக் கணவர் பெயரில் ஒரு காஷ் ஐசாவாகப் போட, சென்ற சனிக்கிழமை அவர்களுடைய குசினி மேசையில் மூவருமாக இருந்து விண்ணப்பத்தை நிரப்பினோம்.