டாரதி கேரியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டத்துப் பந்தல், வெள்ளை ஜிப்பாவில் ஒரு பிரசங்கியார், பின்னால் கீபோர்டு. இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று "அவருக்கு வாய்ச்ச சம்சாரம் இருக்காங்களே..." என்று ஒரு இழுவை இழுத்து, நெற்றிப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டினார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. "அந்த முட்டுக்கட்டையையும் தாண்டி ஊழியம் செய்தார்" என்றதும் ஒரு அல்லேலூயா வேறு.

நேற்று இதைப் பற்றி ஒரே ஒரு வரி போட்டேன். அதற்கே "சிஸ்டர், தேவ மனிதர்களைக் குறை சொல்லாதீர்கள்" என்று வந்துவிட்டார்கள். சரி, விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கேரியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. செருப்புத் தைத்துப் பிழைத்தவர், இங்கிலாந்தில் மோல்டன் என்ற சின்ன ஊரில் பாப்டிஸ்ட் போதகரானார். சபைச் சம்பளம் போதாமல் அங்கேயும் பள்ளிக்கூடம் நடத்தினார், செருப்பும் தைத்தார். 1801-ல் வங்காளிப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். 1812-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் செராம்பூரில் இருந்த அவர்கள் அச்சகம் எரிந்து, வருஷக்கணக்கான கையெழுத்துப் பிரதிகள் சாம்பலானபோது மறுபடியும் உட்கார்ந்து எழுதினார். 1829-ல் சதி என்ற உடன்கட்டை வழக்கத்தைத் தடை செய்யும் சட்டத்தை வங்காளியில் பெயர்க்கச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை தாள் வந்தது. பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு அந்த வேலையில் உட்கார்ந்த போதகர் அவர். போதகரான எங்கள் அப்பாவின் பி.டி. என்ற இறையியல் பட்டமே, கேரியும் நண்பர்களும் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் பட்டம்தான். கேரியை மதிக்க எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். கேரியைக் கொண்டாட அவர் மனைவி டாரதியைக் கேலி செய்தே ஆக வேண்டுமா?

அந்தப் பெண்ணைப் பற்றி மேடைக்காரருக்கு என்ன தெரியும்? 1781-ல் கல்யாணம். அவள் கணவனைவிட ஐந்தாறு வயது மூத்தவள். எழுதப் படிக்கத் தெரியாது, திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவைக் குறிதான் போட்டாள். இங்கிலாந்திலேயே இரண்டு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தாள். 1793-ல் இந்தியாவுக்குப் போகலாம் என்று கணவன் சொன்னபோது வயிற்றில் குழந்தை. வரமாட்டேன் என்றாள். யார் வருவார்கள்? அவர் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாததால் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்து கேட்டபோது கையில் சில வாரக் குழந்தை. தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று சம்மதித்தாள். ஐந்து மாதக் கப்பல் பயணம். வந்து சேர்ந்ததும் வயிற்றுக்கடுப்பு. அடுத்த வருஷமே ஐந்து வயது பீட்டர் காய்ச்சலில் போய்விட்டான். சாதிக்குப் பயந்து அந்தப் பிள்ளைக்குக் குழி வெட்டக்கூட ஆள் கிடைப்பது பாடாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவள் மனம் பேதலித்தது. 1807-ல் சாகும்வரை சரியாகவில்லை. இதைத்தான் விரலைச் சுற்றிக் காட்டினார் ஐயா.

"கேரி அவளைக் கைவிடவில்லையே?" என்பார்கள். உண்மை, கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். பெரிய விஷயம்தான். அதைப் பிரசங்கியுங்கள், நானும் அல்லேலூயா சொல்கிறேன். நீங்கள் அதைச் சொல்லவில்லையே!

"அந்தக் காலம் அப்படி" என்பார்கள். சிரித்தது இந்தக் காலத்துப் பந்தல்.

"தகப்பனையும் தாயையும் மனைவியையும் வெறுக்காவிட்டால் சீஷனாக முடியாது என்று வசனமே இருக்கிறதே" என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். அவருக்குப் பதில் சொல்கிற மாதிரி இல்லை. அவர் மனைவி முகநூலில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்தேன். இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்டால், நான் குருமனையில், அதாவது சபை போதகருக்குத் தரும் வீட்டில், வளர்ந்தவள். அப்பாவுக்குச் சேகரம் (பொறுப்பில் உள்ள சபைகள்) மாறும்போதெல்லாம் லாரியில் ஏறும் பீரோவுக்கு ஒரு கால் குறையும். கமிட்டிக் கூட்டம் இரவு பத்து மணி தாண்டிப் போனாலும், உள்ளே அம்மா டீ போட்டுக்கொண்டே இருப்பாள். பிரிவுபசார விழாவில் அப்பாவுக்குப் பொன்னாடை போடுவார்கள், போதகர் மனைவியான அம்மாவுக்கு "ஐயரம்மாவும் ஒத்தாசையா இருந்தாங்க" என்று ஒரு வரி. அந்தப் பொன்னாடைகளில் ஒன்றுதான் இன்றும் எங்கள் வீட்டு மிக்ஸிக்கு உறை. ஒரு ஊரில் அம்மா மாதக்கணக்கில் தூங்காமல், பேசாமல் கிடந்தாள். "ஐயரம்மாவுக்கு ஜெப ஜீவியம் இல்லையோ" என்றார்கள் சபைப் பெண்கள். அப்பா அவளைப் பக்கத்து டவுன் மனநல டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் கூட்டிப் போனார். போதகர் வீட்டில் மனநோய் என்று தெரிந்தால் சபை என்ன சொல்லும் என்ற பயம். அந்தப் பயத்தைக் கொடுத்தது இப்படிப்பட்ட மேடைச் சிரிப்புகள்தான்.

கேரி தனியாகச் சாதித்தார் என்ற கதையே பாதிக் கதை. ராம்ராம் பாசு மொழி சொல்லிக்கொடுத்தார். பஞ்சானன் கர்மாகர் அச்செழுத்து வார்த்தார். கூட இருந்த மிஷனரி வார்ட் அச்சகத்தைப் பார்த்துக்கொண்டார். தாய் நோயில் கிடக்க, தகப்பன் வேலையில் மூழ்கியிருக்க, கட்டுப்பாடில்லாமல் திரிந்த கேரியின் பையன்களை அதட்டி வளர்த்ததில் இன்னொரு மிஷனரியின் மனைவி ஹன்னா மார்ஷ்மனுக்குப் பெரிய பங்கு. இவர்கள் பெயரெல்லாம் எந்தக் கன்வென்ஷனில் வருகிறது? மனைவிகள் பெயர் மட்டும் வருகிறது, சிரிக்க வைக்க.

"உங்க அப்பா இதைப் படித்தால் வருத்தப்படுவார்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அப்பாவுக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஹன்னா மார்ஷ்மன் பத்தி இன்னும் ரெண்டு வரி எழுதியிருக்கலாம்" என்றார். அம்மா, பெயரைப் போட்டு எழுதுடி என்கிறாள், அந்த மேடைக்காரர் பெயரை. அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.