சத்துமாவுப் பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது, பிள்ளை வளர்ந்ததா?

செப்டம்பர் பிறந்தால் அங்கன்வாடிகளைப் பார்த்துக்கொள்கிற எங்கள் துறையில் திருவிழாதான். ஊட்டச்சத்து மாதம். மையத்து வாசலில் கம்பு, கேழ்வரகு, குதிரைவாலி எல்லாம் பரப்பிக் கோலம் போட வேண்டும், முருங்கைக்கீரையைக் கட்டிவைத்துக் கண்காட்சி வைக்க வேண்டும், கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைத்து உறுதிமொழி எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்று சாயங்காலத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். ஏற்றாவிட்டால் ஆபீஸிலிருந்து போன் வரும். ஆனால் அந்த மாதம் என் செக்டாரில், அதாவது என் மேற்பார்வையில் இருந்த மையங்களில், எத்தனை பிள்ளைக்கு எடை ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்று கேட்டு எனக்கு ஒரு போன்கூட வந்ததில்லை. மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், இனி மெமோ வராது என்கிற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் வந்து "எல்லாத்தையும் குறை சொல்றீங்களே" என்பீர்கள். சோறு போடுவதில் தமிழ்நாட்டை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியது 1975 அக்டோபர் 2. எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியது 1982 ஜூலை 1. முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம்ம மதுரையில்தான் தொடங்கியது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடி மையங்கள். ஊர் வாயில் இன்னும் அது பால்வாடிதான், அங்கே வேலை பார்ப்பவர் டீச்சர்தான். பதினொன்றரை மணிக்கு எந்த மையத்துக்குப் போனாலும் சாம்பார் சாதமோ தக்காளி சாதமோ தட்டில் இருக்கும், வாரத்தில் மூன்று நாள் முட்டை இருக்கும். மஞ்சக்கரு வேண்டாம் என்று அடம்பிடிக்கிறவனிடம் ஆயா அதைச் சோற்றுக்குள் ஒளித்துவைத்து ஊட்டுவதை எத்தனையோ மையத்தில் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை.

ஆனால் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வயது இரண்டுக்கு மேல். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

கருவில் இருக்கும் நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரைக்கும் உள்ள ஆயிரம் நாள்தான் முக்கியம் என்று எல்லாச் சுவரிலும் எழுதிவைத்திருக்கிறோம். உயரம் குன்றுவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான், அப்போது விட்டதைப் பிறகு பிடிப்பது கஷ்டம். 2019–21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 27 சதவீதம். நாலைந்து வருஷத்தில் இரண்டு சதவீதம் குறைத்திருக்கிறோம். பிள்ளைகளின் ரத்தசோகையோ குறையவே இல்லை, 50.7 சதவீதத்திலிருந்து 57.4 ஆக ஏறிவிட்டது. இந்தியாவோடு ஒப்பிட்டால் நாம் பரவாயில்லைதான், அங்கே உயரம் குறைந்த பிள்ளைகள் 35.5 சதவீதம். அந்த ஒப்பீட்டைச் சொல்லிச் சொல்லியே நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம் என்பது என் கோபம்.

சரி, அந்த ஆயிரம் நாளில் நாம் என்ன கொடுக்கிறோம்? கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கும் சத்துமாவுப் பாக்கெட். நல்ல மாவுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோதுமை, முளைகட்டின கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம் அரைத்து வைட்டமின் சேர்த்து வருகிறது. சிக்கல் என்னவென்றால் அந்தப் பாக்கெட்டை உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள் போன பிறகு அது என்ன ஆகிறது என்பதற்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

என்ன ஆகிறது என்று நான் சொல்கிறேன். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பறிக்கப் போகிற பெண்கள் விடியுமுன்னே தோட்டத்தில் இருக்க வேண்டும், வெயில் ஏறுமுன் பறித்து அனுப்பாவிட்டால் விலை இறங்கிவிடும். எட்டு மாதப் பிள்ளை அப்பத்தாவிடம். அப்பத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சத் தெம்பும் கிடையாது. பிள்ளை அழுதால் டீயில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுப்பார். அம்மா வந்து சேரும்போது மணி பத்து, பதினொன்று. சத்துமாவு சாயங்காலம் கொழுக்கட்டை ஆகும், வீட்டில் இருக்கிற ஆறு பேரும் ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கொள்வார்கள், யாருக்குத்தான் மனசு வரும் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாக எடுத்துவைக்க? இதில் அந்த அம்மா மேலே என்ன தப்பு, அப்பத்தா மேலேதான் என்ன தப்பு. மாதத்துக்கு ஒரு தடவை பாக்கெட்டைக் கையில் திணித்துவிட்டு "பிள்ளைக்கு மட்டும் குடும்மா" என்று சொல்லிவிட்டு வருகிற நாங்கள் அந்த வீட்டின் பொழுதைப் பற்றி யோசிக்கிறதே இல்லை.

அப்புறம் இந்தப் பருப்புத்தண்ணி. பருப்பை வேகவைத்து, மேலே தெளிந்து நிற்கிற தண்ணியை மட்டும் இறுத்துப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, அடியில் இருக்கிற பருப்பைக் குழம்பில் போடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது என்று பயம். எட்டு மாதப் பிள்ளையின் வயிறு எவ்வளவு இருக்கும்? அந்தக் கொஞ்ச இடத்தைத் தண்ணியால் நிரப்பிவிட்டால் பிள்ளை வளருவது எப்படி? கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஓடக்கூடாது, அப்படியே நிற்க வேண்டும், அந்தப் பதத்தில் மசித்து, மேலே ஒரு சின்னக் கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, ஒன்பது மாதம் ஆனபின் மூணு நாலு தடவை. இதைப் போஸ்டரில் அச்சடித்து ஒட்டிப் பிரயோஜனம் இல்லை. அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, அந்த வீட்டுக் கரண்டியை வாங்கிச் சாய்த்துக் காட்ட வேண்டும். மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போது காட்ட வேண்டும், இல்லையென்றால் நாம் தெருமுனை தாண்டுமுன்னே மறுபடியும் தண்ணிதான்.

எடை போடுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஆரம்பத்தில் சால்டர் தராசு. உத்தரத்திலோ மரக்கிளையிலோ மாட்டி, பிள்ளையை ஜட்டி மாதிரி இருக்கிற துணியில் போட்டுத் தொங்கவிடுவோம், அது வீறிட்டுக் கத்தும், ஊரே கூடிவிடும். செவ்வாய், வெள்ளி எடை போட விடமாட்டார்கள். கண்ணு பட்டுடும் என்று கொழுகொழு பிள்ளைகளைக் கொண்டுவரவே மாட்டார்கள். அரைஞாண், கொலுசு, தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னால் சண்டை. இதையெல்லாம் மீறி எடுக்கிற எடை எதற்கு என்பதுதான் கேள்வி. பதிவேட்டில் எழுத என்றால், எழுதுவதற்கு எடை போடவே வேண்டாமே.

அப்படித்தான் நடக்கவும் செய்தது. மேற்பார்வைக்குப் போகிற இடத்தில் வளர்ச்சி அட்டையைப் புரட்டினாலே தெரிந்துவிடும், எது தராசில் வந்த எடை, எது பேனாவில் வந்த எடை என்று. நிஜப் பிள்ளையின் கோடு நேராகப் போகாது. பல் முளைக்கும்போது படுக்கும், வயிற்றுப்போக்கு வந்தால் இறங்கும், மழைக்காலச் சளி காய்ச்சலில் ரெண்டு மாதம் அசையாமல் நிற்கும், பிறகு குதித்து ஏறும். பேனாவில் வந்த கோடு ஸ்கேல் வைத்த மாதிரி மாதாமாதம் 200 கிராம் ஏறிக்கொண்டே போகும். எடையெல்லாம் எட்டு கிலோ, எட்டரை கிலோ என்று முழுசு முழுசாக நிற்கும், எட்டு கிலோ 130 கிராம் என்று ஒன்றுகூட இருக்காது. அந்த மாதிரி அட்டை வைத்திருந்த டீச்சர்களைத் திட்டத் தோன்றாது எனக்கு. இரண்டு மையத்துக்குக் கூடுதல் பொறுப்பு, வாக்காளர் பட்டியல் வேலை, ஆதார் சரிபார்ப்பு, ரேஷன் அட்டை விவரம், போதாக்குறைக்கு ஆயா பணியிடம் காலியாக இருந்தால் சமையலும் அவர்தான். அப்படி ஒரு மனுஷி மாதக் கடைசியில் உட்கார்ந்து கட்டம் நிரப்பத்தான் செய்வார். எடை குறைந்த பிள்ளை அதிகமாக இருந்தால் மீட்டிங்கில் எழுந்து நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்தபின் யார் உண்மையை எழுதுவார்?

இதை வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்கு நான் டெல்லிக்கோ ஜெனீவாவுக்கோ போக வேண்டாம். மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980ல் முதன்முதலில் சோதனையாகத் தொடங்கியது அந்த வட்டாரத்தில்தான். நான் பிற்பாடு அந்தத் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பணியாளராகத்தான் வேலைக்கு வந்தேன். அதன் யோசனை ரொம்ப எளிது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள்தான் முக்கியம். எல்லாரையும் மாதாமாதம் எடை போடு. எவனுக்கு எடை ஏறவில்லையோ அவனுக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடு, தினமும் மையத்துக்கு வரவைத்துக் கண் முன்னால் சாப்பிட வை. எடை ஏறிவிட்டால் நிறுத்து. ஏறவில்லையா, நர்ஸ் அம்மாவிடம் அனுப்பு. உருண்டையை ஊர்ப் பெண்கள் குழுவே பிடித்துக் கொடுப்பார்கள். மைய வாசலில் ஒரு பலகை, அந்த மாதம் எத்தனை பிள்ளை எடை போட்டோம், எத்தனை பேருக்கு ஏறவில்லை என்று ஊர் பார்க்க எழுதிவைத்திருப்போம்.

அதில் குறை இல்லாமல் இல்லை. "அவ பிள்ளைக்கு மட்டும் உருண்டை, எம்பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு" என்று தெருச்சண்டையே நடந்திருக்கிறது. சறுக்கின பிறகுதான் தூக்கிவிடுவோம் என்பதும் சரியான கொள்கை இல்லை என்று பின்னால் விவாதம் வந்தது, அதுவும் நியாயம்தான். ஆனாலும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு நன்றாகவே குறைந்தது என்று அப்போது செய்த மதிப்பீடுகள் சொல்லின. எனக்கு அதில் பிடித்தது வேறு. எடை போட்டு முடித்த கையோடு அந்த அட்டையை அம்மாவிடம் காட்டி, "போன மாசம் இங்க இருந்தான், இந்த மாசம் அதே இடத்துல நிக்கிறான், என்னத்தா ஆச்சு, காய்ச்சலா, நீ வேலைக்குப் போனியா, பால் குறைஞ்சுபோச்சா?" என்று கேட்பதுதான் வேலையாக இருந்தது. தராசு பேச்சுக்கு ஒரு சாக்கு. அந்தப் பேச்சில்தான் மாமியார் பருப்புத்தண்ணி கொடுப்பதும் வரும், வீட்டுக்காரர் குடிப்பதும் வரும், அடுத்தது உண்டாகியிருப்பதும் வரும்.

இன்றைக்கு அந்த நேரத்தில் டீச்சர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மையத்துப் பதிவுகளைப் போனில் ஏற்றுகிற மத்திய அரசின் போஷான் டிராக்கர் செயலி வந்தது 2021ல். இப்போது 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கிற மாவுக்கு முகத்தைப் படம் எடுத்து ஒத்துப்பார்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். போலிப் பயனாளிகளை ஒழிக்க என்கிறார்கள். இருக்கட்டும், திருட்டைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அம்மா முகத்தைப் பதிவு செய்துவிட்டு, அம்மா பூப்பறிக்கப் போயிருக்கும்போது அப்பத்தா வந்து நின்றால் மெஷின் ஒத்துக்கொள்ளாது. மலையடிவாரத்து ஊர்களில் சிக்னலுக்காக டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு மேடு தேடிப் போகிறார். இப்போதும் வேலையில் இருக்கிற தோழிகள் சொல்கிறார்கள், ஒரு ஆளுக்கு மாவு கொடுக்க ஆகிற நேரத்தில் முன்பு ஒரு வீட்டுக்கே போய்விட்டு வந்துவிடலாம் என்று. முகம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற அளவுக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறோமா? ரத்தசோகையா என்று வெளுத்துப்போன கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்க்க எந்தச் செயலியும் கேட்பதில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசு 2017ல் திருத்திய விலைப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் உணவுச் செலவு 8 ரூபாய், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 பைசா, கடுமையாக மெலிந்த பிள்ளைக்கு 12 ரூபாய். பிள்ளைக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் அதற்குள் வர வேண்டும் என்பது அப்போதைய விதி. இன்றைக்கு மாட்டுத்தாவணியில் ஒரு டீ என்ன விலை என்று நினைத்துப் பாருங்கள். நாமக்கல்லில் முட்டை விலை ஏறுகிற மாதமெல்லாம் மேலே யாராவது கணக்குப் போட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

நல்லது நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2022ல் மாநில அரசு "ஊட்டச்சத்தை உறுதி செய்" என்று ஆரம்பித்தபோது நானே நம்பவில்லை, இதுவும் போட்டோ எடுக்கத்தான் என்று நினைத்தேன். ஆனால் அதில் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் திரும்பப் பார்த்து, டாக்டரை வைத்துப் பரிசோதித்து, கடுமையாக மெலிந்தவர்களுக்குத் தனி உணவு கொடுத்து, அவர்களின் அம்மாக்களுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுத்தார்கள். எடை போட்டால் அதற்குப் பின்னால் ஏதாவது நடக்கும் என்று தெரிந்தவுடன் டீச்சர்கள் எடையைச் சரியாகப் போட்டார்கள். குறைந்த எடையை எழுதினால் பிள்ளைக்கு ஏதோ கிடைக்கும், நமக்குத் திட்டு கிடைக்காது. இந்த ஒரு மாற்றம் போதும், பதிவேடு தானாக உண்மை பேசும்.

என்னைக் கேட்டால் புதுசாக ஒரு திட்டமும் வேண்டாம். காலியிடத்தை நிரப்புங்கள். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை எல்லாவற்றையும் இந்தப் பெண்கள் தலையிலிருந்து இறக்குங்கள். ஒரு டீச்சர் வாரத்தில் இரண்டு மதியமாவது ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரைக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளுக்குப் போகட்டும், அதுவும் அந்த அம்மா வேலையிலிருந்து திரும்பி வந்திருக்கிற நேரமாகப் பார்த்து. மாதக்கூட்டத்தில் எத்தனை பாக்கெட் போனது என்று கேட்பதற்கு முன்னால், எடை ஏறாத பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள், ஒவ்வொரு வீட்டிலும் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். என் செக்டார் மீட்டிங்கில் இதை நான் செய்து பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு மாதம் எல்லாரும் முழிப்பார்கள். மூன்றாவது மாதம் ஒரு டீச்சர் எழுந்து, "மேடம், அந்தப் பிள்ளைக்கு வாயில புண்ணு, அதான் சாப்பிடல, நர்ஸ்கிட்ட காட்டியாச்சு" என்பார். அடுத்தவர், "அந்த வீட்ல அம்மா வேலைக்குப் போயிடுது, அக்காக்காரிதான் ஊட்டுது, அதுக்கே ஏழு வயசு" என்பார். வேலையில் இருக்கிற மேற்பார்வையாளர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் போட்டோ எண்ணிக்கையைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம், முதல் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கிப் பாருங்கள்.