பென்னி கார்ட்டர் எங்கும் காணாமல் போகவில்லை

ஜாஸ் பற்றி எழுதுகிறவர்கள் பென்னி கார்ட்டரிடம் வந்ததும் வழக்கமாக ஒன்றைச் சொல்வார்கள்: 1940களில் ஹாலிவுட் பக்கம் போனார், எழுபதுகள் வரை ஆளே அகப்படவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். மனிதர் உட்கார்ந்து இசை எழுதிக்கொண்டிருந்தார். சாக்ஸபோனோடு அடிக்கடி மேடையேறவில்லை, அவ்வளவுதான்.

1907இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஆல்டோ சாக்ஸபோன், ட்ரம்பெட் இரண்டிலும் கைதேர்ந்தவர். ஆனாலும் நான் அவரை முதலில் அரேஞ்சர் என்றுதான் சொல்வேன். ஒரு மெட்டில் எந்த இடத்தை யார் வாசிப்பது, அதற்கு அடியில் என்னென்ன சுரங்கள் நிற்பது, தனி வாசிப்புக்கு எங்கே இடம் விடுவது என்றெல்லாம் முடிவு செய்து, ஒவ்வொருவர் கையிலும் தாளாகக் கொடுப்பது அரேஞ்சரின் வேலை. இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடையில் விற்ற அச்சடித்த அரேஞ்ச்மெண்ட்களை எடுத்துவைத்து, ஒவ்வொரு வாத்தியத்தின் தாளையும் தரையில் பரப்பி, மண்டியிட்டுப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். எழுதத் தொடங்கியபோதும், எல்லா வாத்தியமும் ஒரே பக்கத்தில் தெரிகிற ஸ்கோர் கிடையாது. முதல் ட்ரம்பெட்டுக்கு உரியதை எழுதி முடிப்பார், அப்புறம் இரண்டாவதுக்கு, அப்புறம் அடுத்ததுக்கு. எல்லாம் சேர்ந்து எப்படி ஒலிக்கும் என்பது தலைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். நினைத்தாலே தலை சுற்றுகிறது.

அவர் பேரைச் சொன்னாலே இசைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சாக்ஸபோன்களுக்கு அவர் எழுதிய விதம். நாலு சாக்ஸபோன்கள், நாலு வெவ்வேறு சுரங்கள், எல்லாம் ஒட்டியபடியே வேகமாக ஓடும். ஒரே ஆள் அந்த நிமிடத்தில் தோன்றியதை வாசிப்பது போலத்தான் காதில் விழும். உண்மையில் ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதியது.

1936இல் லண்டனில் பிபிசியின் நடன இசைக்குழுவுக்கு, ஹென்றி ஹால் தலைமையில் இயங்கியதே அதற்கு, அரேஞ்சராகப் போனார். வெளிநாட்டு இசைக்கலைஞர்கள் அங்கே வாசிக்கக் கெடுபிடி இருந்த காலம். எழுதலாம், வாசிக்கத்தான் கூடாது! அடுத்த வருடம் பாரிஸில் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ், கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் இவர்களோடு சேர்ந்து ‘ஹனிசக்கிள் ரோஸ்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். நாலு சாக்ஸபோன்கள், பின்னால் கிதாரும் தாளக்கட்டும்.

சரி, ‘காணாமல் போன’ காலத்துக்கு வருவோம். சினிமா, தொலைக்காட்சித் தொடர்கள், பின்னால் சாரா வான் போன்ற பாடகர்களின் இசைத்தட்டுகள் என்று வேலைக்குக் குறைவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போது கறுப்பர்களுக்கு ஒரு இசைக்கலைஞர் சங்கம், வெள்ளையர்களுக்கு ஒன்று. 1953இல் இரண்டும் ஒன்றானதில் கார்ட்டருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1960இல் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவுக்காக ‘கான்சஸ் சிட்டி சூட்’ என்ற, பல பகுதிகள் கொண்ட இசைத்தொகுப்பு முழுவதையும் எழுதினார். 1961இல் ‘ஃபர்தர் டெஃபினிஷன்ஸ்’ இசைத்தட்டு. பாரிஸில் வைத்திருந்த அதே நாலு சாக்ஸபோன் அமைப்பு, மறுபடி ஹாக்கின்ஸ், மறுபடி ‘ஹனிசக்கிள் ரோஸ்’. ஜாஸில் ஒரே ஒரு இசைத்தட்டைக் கேட்கச் சொன்னால் நான் நீட்டுவது இதைத்தான். இதை எல்லாம் செய்தவரைத்தான் ஆளைக் காணோம் என்கிறார்கள்.

எழுதுகிறவனுக்கு நேர்கிற கதிக்கு இன்னொரு உதாரணம், 1936இல் அவர் இசையமைத்த ‘வென் லைட்ஸ் ஆர் லோ’. நடுப்பகுதியில்தான் அதன் அழகே இருக்கிறது. சுருதி எதிர்பாராத பக்கங்களுக்குப் போய்த் திரும்பும். 1953இல் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அதைப் பதிவு செய்தபோது அந்தப் பகுதியை விட்டுவிட்டு, முதல் பகுதியையே வேறு சுருதியில் வாசித்தார். மைல்ஸ் இளவயதில் கார்ட்டரின் குழுவில் வாசித்தவர் என்பது வேறு. மைல்ஸ் வாசித்தால் அதுதான் பாட்டு என்றாகிவிடுமே! பிறகு பலரும் அப்படியே வாசித்தார்கள். எனக்கு மைல்ஸ் மேல் மரியாதை நிறைய உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் மன்னிக்க மனம் வரவில்லை. கார்ட்டர் எழுதிய நடுப்பகுதியோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள், புரியும்.

எழுபதுகளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்த அழைத்தது, அதோடு மேடைக்கும் திரும்பினார். வயது எண்பதைத் தாண்டியும் எழுதுவதை விடவில்லை. ‘ஹார்லம் ரினைசான்ஸ் சூட்’டுக்காக 1993இல் கிராமி வாங்கியபோது அவருக்கு 85 வயது. அது இசையமைப்புக்கான விருது. சாக்ஸபோன் வாசிப்புக்கான கிராமி அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது.