2027 மார்ச்சில் சென்னைக்கு மாமன்றம் இருக்குமா?

2022 மார்ச்சில் பதவியேற்ற சென்னை மாநகராட்சி மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த மேயர் யார் என்று இப்போதே கச்சை கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: தேர்தல் நேரத்துக்கு நடக்கும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

1973-ல் மாநகராட்சியில் மஸ்டர் ரோல் (கூலியாள் வருகைப் பதிவேடு) ஊழல். வேலைக்கு வராத கூலியாட்களின் பெயரை ஏட்டில் ஏற்றிப் பணம் எடுத்த விவகாரம். தவறு செய்தவர்களைத் தண்டித்திருக்கலாம், மன்றத்தையே கலைத்தார்கள். மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல். கலைத்தது தி.மு.க. ஆட்சி. 1967-க்கு முன்பே, 1959-ல், அந்தக் கட்சி முதலில் பிடித்த நாற்காலி இதே மாநகராட்சிதான் (கூட்டாளிகள் ஆதரவோடு மேயரானவர் அ.பொ.அரசு). அடுத்து வந்த எம்.ஜி.ஆரும் பூட்டைத் திறக்கவில்லை. கோட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு அதிகார மையம் இருப்பதில் இரண்டு கழகத்துக்கும் ஒரே அளவு விருப்பமின்மை.

நகர உள்ளாட்சிகளுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு தந்த 74-வது திருத்தம் வந்த பிறகு இப்படிச் செய்ய முடியாது என்பார்கள். 243யு பிரிவு தெளிவாகத்தான் சொல்கிறது: ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல், இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள். ஆனால் 2016 அக்டோபரில் என்ன நடந்தது? பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியில்லை என்று உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. அதன்பின் வார்டு மறுவரையறை, அதற்கு வழக்கு, அவகாசம், மறுபடி அவகாசம். 2022 பிப்ரவரி வரை ஆணையரே தனி அலுவலராக இருந்து, மன்றம் போட வேண்டிய தீர்மானங்களையும் தானே போட்டுக்கொண்டார். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது.

தேர்தல் முறையிலாவது உறுதி உண்டா? 1996-ல் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் கவுன்சிலர்கள் மூலம். 2011-ல் நேரடி. 2016-ல் மறைமுகம் என்று சட்டம், 2018-ல் நேரடி என்று திருத்தம், 2019-ல் மறுபடி மறைமுகம். கடைசி மூன்று மாற்றங்களின்போது தேர்தலே நடக்கவில்லை!

சரி, மேயர் வந்துவிட்டார். கையில் என்ன இருக்கிறது? ஒரு மழைக்காலத் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. வாரியத்தை உருவாக்கிய 1978 சட்டத்தோடு அந்தப் பொறுப்பு தனியாகப் போய்விட்டது. வடிகால் போய்ச் சேரும் பக்கிங்காம் கால்வாயும் கூவமும் நீர்வளத் துறையிடம். பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறையிடம். சாக்கடை அடைத்தால் யாராவது அதை வடிகாலில் திருப்பிவிடுவார்கள்; கழிவு படிந்து வடிகால் மேடாகும்; மழை வந்தால் தண்ணீர் தெருவில் நிற்கும். திட்டு வாங்குவது கவுன்சிலர். வாரியப் பொறியாளருக்கு அவர் உத்தரவு போட முடியாது, வேண்டுகோள்தான் வைக்கலாம். வரியிலும் இதே கதைதான்: 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்வை அறிவித்தது அரசு, மன்றம் பின்னால் தீர்மானம் போட்டது.

2011-ல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 174 சதுர கி.மீ. நகரத்தை 426 ஆக்கியபோது, பழைய நகரத்தின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருங்கின. அதாவது ஒரு கவுன்சிலருக்கு முன்னைவிட அதிக வீடுகள். நகரம் பெரிதானதைக் கொண்டாடியவர்கள் இதைக் கவனிக்கவே இல்லை.

ஆகவே 2027-க்கு முன் அரசியல் கட்சிகளிடம் கேட்க வேண்டியவை வேட்பாளர் பெயர்கள் அல்ல. வார்டு எல்லை மாறுகிறதா, மாறினால் வரைவு எப்போது வரும்? பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் வார்டுப் பட்டியல், ஆட்சேபம் சொல்லி விசாரித்து முடிக்கும் அளவுக்கு முன்கூட்டியே வெளியாகுமா? கடைசி மாதத்தில் வெளியிட்டால் வழக்கு நிச்சயம். 2016-ல் தேர்தல் கவிழ்ந்தது அந்த இடத்தில்தான். அதோடு, வடிகாலையும் பாதாளச் சாக்கடையையும் ஒரே மண்டலப் பொறியாளரின் கீழ் கொண்டுவந்து, அவரை அந்த மண்டலத்துக் கவுன்சிலர்கள் அடங்கிய மண்டலக் குழுவுக்குப் பதில் சொல்ல வைப்போம் என்று எந்தக் கட்சியாவது தேர்தல் அறிக்கையில் எழுதுமா?