பத்தாவது ஆளை மறைக்காதீர்கள்

கோவையில் கணபதி பக்கம் சின்னதாக ஒரு பிரஸ் ஒர்க்ஸ் வைத்திருக்கிறேன். பம்பு மோட்டாருக்கான தகட்டுப் பாகங்களை ஜாப் ஆர்டரில் அடித்துக் கொடுக்கிற வேலை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்பது என்ற எண்ணின் அர்த்தம் தெரியும். பத்துப் பேர் ஆனால் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு இன்சூரன்ஸ், வந்துவிடும், அதனால் மஸ்டர் ரோலில் (ஆள் பதிவேட்டில்) ஒன்பதோடு நிறுத்து, மிச்ச ஆட்களைப் பதியாமல் வவுச்சரில் சம்பளம் கொடுத்து ஓட்டு என்பதுதான் அது. எனக்கும் ஒரு கன்சல்டன்ட் இதைத்தான் சொன்னார், நானும் நான்கு வருஷம் அப்படியே ஓட்டினேன். அது தப்பு, இன்றைக்கும் எனக்கு உறுத்துகிற தப்பு.

ஒரு சனிக்கிழமை, ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும். மெஷினில் டை (தகட்டை வெட்டும் அச்சு) மாற்றும்போது கழற்றிய பாதுகாப்புத் தடுப்பை யாரும் திரும்ப மாட்டவில்லை, அதைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். பிரஸ்ஸில் இருந்த தம்பிக்கு வலது கை ஆள்காட்டி விரல் போய்விட்டது. காட்டன் வேஸ்ட்டை வைத்துக் கையை அழுத்திப் பிடித்தபடி பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டு போனோம். ஆஸ்பத்திரி கவுண்டரில் முதல் கேள்வியே “ஈஎஸ்ஐ இருக்குங்களா?” என்பதுதான். அவர் வவுச்சர் ஆள். சாயங்காலம் அவர் வீட்டுக்காரம்மா வந்தார், கைக்குழந்தையோடு. திட்டவில்லை, “இனி மாசம் எப்படிங்ணா?” என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரி பில்லை நான் கட்டினேன், நஷ்ட ஈட்டையும் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு என்று போட்டிருக்கிறது, ஒரு டேபிளில் அதைத் தேடிப் படிக்கிற நிலைமை எந்த முதலாளிக்கும் வரக் கூடாது. ஆனால் நான் கொடுத்தது ஒரே தடவைப் பணம். முதல் நாளே அவரைப் பதிந்திருந்தால் வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்திருக்கும், அதற்கப்புறம் நிரந்தர ஊனத்துக்கு மெடிக்கல் போர்டு நிர்ணயிக்கிற தொகை ஆயுசு முழுக்க மாசா மாசம் வந்திருக்கும். வேலையில் நடக்கும் விபத்துக்கு இத்தனை மாசம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடக் கிடையாது.

இதற்கு எவ்வளவு செலவு என்று நினைக்கிறீர்கள்? 15,000 ரூபாய் சம்பளம் என்றால் நம் பங்கு 3.25 சதவீதம், அதாவது 487 ரூபாய் 50 காசு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 112 ரூபாய் 50 காசு. பத்துப் பேருக்கு நம் கையிலிருந்து போவது மாசம் 4,875 ரூபாய். ஒரு டையைத் திரும்பத் தீட்டி எடுக்கிற செலவோடு இதை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஒன்பது என்று எழுதினால் ஒன்பது ஆகிவிடாது. கான்ட்ராக்டில் வருபவரும் கணக்கில் உண்டு. 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசருக்குச் சந்தா கிடையாது, ஆனால் தலை எண்ணிக்கையில் அவரும் சேர்த்திதான். நாம் பதியாமல் விட்டாலும் தொழிலாளியின் உரிமை போகாது, ஈஎஸ்ஐ கார்ப்பரேஷன் அவருக்குக் கொடுத்துவிட்டு நம்மிடம் வசூலிக்கலாம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, அதிலும் ஈஎஸ்ஐக்கு எண் பத்துதான். வேலைக்கு எடுக்கிற எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது, அதனால் வவுச்சரில் ஆள் ஓட்டுவதெல்லாம் இனி இன்னும் கஷ்டம்.

“பிடித்தம் வேண்டாங்ணா, கையில குடுத்துருங்க” என்று தொழிலாளிகளே சொல்வார்கள், உண்மைதான். குறிப்பாக ஒடிசா, பீகாரிலிருந்து வந்திருக்கும் பசங்க, ஊருக்கு அனுப்பும் பணத்தில் நூறு ரூபாய் குறைந்தாலும் யோசிப்பார்கள். டிஸ்பென்சரியில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அரை நாள் சம்பளம் போகும் என்பதும் நியாயமான குறைதான். அதற்காக விட்டுவிட முடியாது. நான் சம்பள நாளில் எல்லாரையும் உட்காரவைத்து, பெற்றோர், மனைவி, பிள்ளைகளுக்கும் இதில் வைத்தியம் உண்டு, கம்பெனி மாறினாலும் ஐபி நம்பர் (ஈஎஸ்ஐ பதிவு எண்) கூடவே வரும் என்று எடுத்துச் சொன்னேன். அந்தத் தம்பிதான் முதலில் எழுந்து ஆதாரைக் கொடுத்தார். இப்போது டிரில்லிங்கில் இருக்கிறார், பேனாவை நடுவிரலில் பிடித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

ஒன்பதில் நிறுத்தி வைத்திருக்கும் நண்பர்கள் இந்த மாசமே பதிந்துவிடுங்கள். அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள் சந்தா கட்டினால் போதும். போர்ட்டலில் எப்படிப் போடுவது என்று தெரியாவிட்டால் இன்பாக்ஸில் வாங்க, ஞாயிற்றுக்கிழமை உங்கள் பட்டறைக்கே வந்து போட்டுக் கொடுக்கிறேன்.