சின்ன எழுத்துல அச்சான பேருங்க

ஹிட்லர்கிட்ட இருந்து தப்பிச்சு நியூயார்க் வந்த யூதர்கள் ஜெர்மன் மொழியில படிச்ச அவுஃப்பாவ் (Aufbau) பத்திரிகையப் பத்தி எழுதுற எல்லாரும் தத்துவச் சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட், நாவலாசிரியர் தாமஸ் மன், ஆலோசனைக் குழுல ஐன்ஸ்டைன்னு பெரிய பேர்களோட நிறுத்திடுறாங்க, எனக்கு அதுல ரொம்ப நாளா வருத்தம். ஆரென்ட் அமெரிக்கா வந்து இறங்குன அதே 1941-லயே அதுல எழுத ஆரம்பிச்சாங்க, பெரிய விஷயம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்தப் பேப்பரோட உயிர் விளம்பரப் பக்கத்துல இருந்துச்சுங்கிறது என் கருத்து.

1934-ல நியூயார்க்ல ஜெர்மன் யூதர்களோட சங்கம் ஒண்ணு தன் உறுப்பினர்களுக்காக ஆரம்பிச்ச சின்ன செய்தி மடல் அது. 1939-ல மன்ஃப்ரெட் ஜார்ஜ் ஆசிரியரா வந்தாரு, அவரும் பெர்லின்ல இருந்து தப்பிச்சு வந்த பத்திரிகைக்காரர்தான், அவர்தான் அதை வாரப் பத்திரிகையா வளர்த்தாரு. வாடகைக்கு ரூம், வேலை, இங்கிலீஷ் கிளாஸ், விசா விதிமுறைன்னு புதுசா வந்து இறங்குனவனுக்கு என்னென்ன வேணுமோ அதெல்லாம் அவன் மொழியிலயே கிடைச்சுது. 1941 நவம்பர்ல வெளிநாட்டுல இருக்குற யூதர்களோட குடியுரிமைய ஹிட்லர் அரசு மொத்தமா பறிச்சிருச்சு, அடுத்த மாசமே போர் வந்து அமெரிக்கா அவங்களையே எதிரி நாட்டுக்காரங்கன்னு வகைப்படுத்துது, அந்த நேரத்துல பக்கத்துல உக்காந்து விளக்கிச் சொல்ல ஒருத்தர் வேணும்ல, அந்த வேலைய இந்தப் பேப்பர் செஞ்சுது.

தாய்மொழிப் பேப்பர் படிச்சா புது நாட்டோட ஒட்ட மாட்டாங்கன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் பாக்கணும். இங்கிலீஷ் கத்துக்கோ, குடியுரிமை வாங்குன்னு ஜெர்மன்லயே சொன்ன பேப்பர் இது. தங்களைக் கொல்லத் துடிச்சவனோட மொழியாச்சேன்னு கேக்கலாம், ஆனா அது அவங்க அம்மா பேசுன மொழியும்தானே, அதை ஹிட்லருக்கு ஏன் விட்டுக்கொடுக்கணும்?

1944 செப்டம்பர்ல இருந்து ரெண்டு வருஷம், ஐரோப்பாவுல நாஜிக்களோட யூதப் படுகொலைல இருந்து உயிரோட மீண்டவங்க பட்டியல் இந்தப் பேப்பர்ல வந்துச்சு பாருங்க, அதை நினைச்சாத்தான் எனக்கு நெஞ்சு அடைக்குது. 33,000-க்கும் மேல பேரு. வரிசை வரிசையா சின்ன எழுத்துல பேரு, கூடவே இன்னாரைத் தேடுறோம்னு விளம்பரம். இந்த அகதிகள் நிறைய பேர் குடியிருந்த நியூயார்க்கோட வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில ஒரு சமையலறை மேஜைல அதை விரிச்சு வச்சு, விரலை வச்சு ஒவ்வொரு பேரா அம்மா பேரு இருக்கா, தங்கச்சி பேரு இருக்கான்னு தேடியிருப்பாங்கல்ல, எந்தத் தலையங்கம் அதுக்கு ஈடாகும் சொல்லுங்க.

2004-ல நியூயார்க்ல நின்னுபோச்சு, அப்புறம் சுவிட்சர்லாந்துல ஜூரிக்ல இருந்து மேகஸினா வர ஆரம்பிச்சுது. பழைய இதழ்களை, ஜெர்மன் யூதர்களோட வரலாற்றைச் சேகரிக்கிற லியோ பெக் நிறுவனம் இணையத்துல போட்டு வச்சிருக்கு. ஜெர்மன் தெரியாட்டி பரவால்ல, 1945 இதழ் ஒண்ணைத் திறந்து அந்தப் பேர்களை மட்டும் பாருங்க.