பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பாடம் நடத்த ஆள் எங்கே?

எங்கள் பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் தங்கை பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். இரண்டு பஸ் மாறிப் போகிறாள். போன பருவத்தில் ஒரு பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, நடத்திக்கொண்டிருந்த கௌரவ விரிவுரையாளர் (நிரந்தரமில்லாத, தொகுப்பூதிய ஆசிரியர்) தனியார் கல்லூரிக்குப் போய்விட்டார். வேறு ஆள் வருவதற்குள் இன்டர்னல் தேர்வே வந்துவிட்டது. யாரோ சீனியர் கொடுத்த நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, மனப்பாடம் செய்து எழுதினார்கள். அரியர் விழுந்தால் மட்டும், "கிராமத்துப் பிள்ளைகள், அடிப்படையே சரியில்லை" என்று சொல்ல ஆள் இருக்கிறது. வயிறு எரிகிறது.

லேபை எடுத்துக்கொள்ளுங்கள். ப்யூரெட் என்கிற அளவுக் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, கரைசல் லேசாக பிங்க் ஆகிற அந்த ஒரு சொட்டில் குழாயை மூட வேண்டும். அடுத்த சொட்டு விழுந்தால் கணக்கே தப்பு. பக்கத்தில் ஒருவர் நின்று காட்டினால்தான் கை பழகும். ஜெராக்ஸ் காகிதத்தில் அது வராது.

போனவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. பிஎச்.டி. முடித்துவிட்டு மாதம் 25,000 ரூபாய்க்கு எத்தனை வருஷம் நிற்பார்? அதே கல்லூரியில் நிரந்தரமாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 20,000-ஐ 25,000 ஆக்கவே 2023 ஆனது. அதுவும் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் சம்பளம் கிடையாது. மே மாதம் மட்டும் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

சரி, நிரந்தரமாகவே ஆள் எடுங்கள் என்றால் அது அதைவிடக் கொடுமை. 2019-ல் 2,331 பணியிடங்கள் என்று அறிவிப்பு வந்தது, பிறகு அதை ரத்து செய்தார்கள். 2024 மார்ச்சில் 4,000 பணியிடங்கள் என்றார்கள், ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வைத் தள்ளிவைத்தார்கள். 2019-ல் பி.எஸ்சி. முதலாண்டு சேர்ந்த பிள்ளை அதற்குள் எம்.எஸ்சி.யே முடித்து வெளியே வந்துவிட்டது!

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மனதாரச் சொல்கிறேன், நல்ல திட்டம். அந்தப் பணம் இல்லையென்றால் எங்கள் தெருவிலேயே சில பெண்கள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றிருப்பார்கள். வயலுக்குப் போகிற அம்மாக்கள் மகளை நம்பி அனுப்புகிறார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் ஆளில்லாமல் விடுவது என்ன நியாயம்? நகரத்துப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வகுப்பறையை விட்டால் வேறு இடம் கிடையாது.

அடுத்த பருவத்துக்கு டைம் டேபிள் ஒட்டிவிட்டார்கள். இரண்டு பாடங்களுக்கு நேரே ஆசிரியர் பெயரே இல்லை. கல்லூரி திறக்கிற அன்றைக்கே அந்த இரண்டு கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும். வருகிறவர்களுக்கு மே மாதச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுங்கள், பாதியில் ஓடமாட்டார்கள்.